நாட்டு நாயும் சீமை நாயும்

வன்னிப் பெருநிலத்திலே நாய்களைப் பற்றி வழங்கும் தீர்ப்பொன்று உண்டு: "நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது." குளக்கட்டிலும் வீதியோரத்திலும் படுத்துறங்கி, கிடைத்ததை உண்டு, மாரியில் நனைந்து, கோடையில் காய்ந்து வளரும் நாய் அது. அதன் காதுமடலுக்குள்ளே உண்ணிகள் ஆமணக்கு விதைகள் போலக் கொத்தாகத் தொங்கும். ஆயினும் படலையடியில் நின்று குரைப்பதை அது நிறுத்துவதில்லை. இரவில் மாட்டுப்பட்டியைச் சுற்றி வருவதையும் விடுவதில்லை. கால்நடை வைத்தியரின் முகத்தை ஆயுளில் ஒருமுறையேனும் கண்டறியாத நாய்கள் எத்தனையோ! ஆதலால் அத்தீர்ப்பை நாமும் நெடுங்காலம் ஐயுறவின்றி ஏற்றிருந்தோம்.

அதனை மறுபடி எண்ணிப் பார்க்கும்படி செய்தது, முரசுமோட்டைப் பக்கத்திலுள்ள நமது மைத்துனர் வீட்டில் நிகழ்ந்த ஒரு காரியம்.

மைத்துனரின் மகள், அல்சேஷன் குட்டியொன்று வேண்டுமென இரண்டு வருடமாக வீட்டாரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா ஒருவர் மனமிரங்கிப் பணம் அனுப்பினார். தெற்கிலே நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடமிருந்து, தாய் தந்தை பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் அச்சிட்ட பத்திரத்தோடு குட்டி வந்து சேர்ந்தது. (நம்மிற் பலருக்கு நமது பூட்டனின் பெயர் தெரியாது, அது வேறு கதை.) அதற்கு ரெக்ஸ் என்று பெயரிட்டார்கள். அவ்வீட்டில் ஏற்கெனவே சிவப்பி என்றொரு நாட்டுப் பெட்டை இருந்தது. இரண்டும் ஒரே மாமர நிழலில் படுத்தன. ஒரே மண்ணிற் புரண்டன. ஒரே உண்ணிகள் இரண்டிலும் ஏறின.

நான்கு மாதம் கழியவில்லை. ரெக்ஸ் உணவை முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றது. அடுத்த நாள் எழுந்து நிற்க அதனால் முடியவில்லை. முரசைத் தூக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது. சிறுநீரோ கடுந்தேநீர் நிறத்திற் போயிற்று. சிவப்பி வழக்கம்போல வாலாட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தாள். மைத்துனரின் தாயார், நமது மாமி, ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிட்டார்: "தம்பி, அது மெத்தையிற் பிறந்தது, இது மண்ணிற் பிறந்தது. அவ்வளவுதான்."

குட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் சென்றோம். சிவப்பியும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. ரெக்ஸின் காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டிற் பரப்பி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். செங்குழியங்களுக்குள்ளே சிறு மோதிரங்கள் போல ஊதாப் புள்ளிகள் மலிந்து கிடந்தன. "பபேசியா," என்றார். பின்னர் என்ன நினைத்தாரோ, சிவப்பியின் காதிலும் ஒரு துளி எடுத்தார். அத்தகட்டை நெடுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தவர், எங்களை அழைத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான செங்குழியங்களைக் கடந்த பின்பு ஒன்று. மேலும் வெகுதூரம் சென்று இன்னொன்று. அதே மோதிரம்.

ஆக, நாட்டு நாய்க்கும் "வந்துதான்" இருந்தது. வந்தும் அது வாலாட்டிக்கொண்டிருந்தது. இது எங்ஙனம் என்ற கேள்வியோடு வீடு திரும்பிய நாம், அதன் பின்னர் தேடிப் படித்தவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பபேசியா என்பது ஓரணுவுயிர். 1888ஆம் ஆண்டு ருமேனியா நாட்டு விஞ்ஞானி விக்டர் பாபேஷ் என்பார் மாடுகளின் இரத்தத்தில் இதன் இனத்ததொன்றை முதன்முதல் கண்டமையால், இவ்வினத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. நுளம்பினால் மலேரியாக் கிருமி மனிதருக்கு ஏறுவதுபோல, உண்ணியின் உமிழ்நீர் வழியாக இது நாய்க்கு ஏறுகின்றது. ஏறியபின் செங்குழியங்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றது. உடைந்த குழியங்களின் செந்நிறப் பொருளே சிறுநீரிற் கலந்து அதைக் கறுக்கச் செய்வது.

ரெக்ஸின் இரத்தத்தில் இருந்த சிறு வகைக்குப் பபேசியா கிப்சனி என்று பெயர். அது உலகுக்கு அறிமுகமான இடம் நமக்கு அயலான சென்னைப் பட்டணமே. அக்காலத்தில் அங்கிருந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர்களும் படைத்தலைவர்களும் 'மெட்ராஸ் ஹண்ட்' என்றொரு வேட்டைச் சங்கம் வைத்திருந்தனர். இங்கிலாந்திலே நரிவேட்டைக்கென்று பல தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள். செம்முடி கொண்ட அந்நாட்டு நரி சென்னையிற் கிடையாது. ஆகவே நம்மவர் வயல்வெளியில் ஊளையிடும் நரியையே குதிரையேறித் துரத்தினர். அந்த நாய்களின் இரத்தத்தை ஆராய்ந்தவர் வால்டர் ஸ்காட் பாட்டன் என்பவர். செங்குழியங்களில் அதுவரை ஒருவரும் விவரித்திராத சிறு கிருமியொன்றைக் கண்டார். பின்னர் நரியின் இரத்தத்தைப் பார்த்தார். அங்கும் அதே கிருமி! 1910ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இரண்டு விலங்குகளும் இடம்பெற்றுள்ளன. துரத்தியவனும் துரத்தப்பட்டவனும் ஒரே கிருமியைச் சுமந்திருந்தார்கள். கடல் கடந்து வந்தவனுக்கு அது நோயாயிற்று, காட்டில் இருந்தவனோ அதனோடு ஓடித்திரிந்தான்.

வன்னிக் காடுகளிலும் இதே நரி உண்டு. மாலை மங்கியதும் வயலுக்கு அப்பால் அது ஊளையிட, நம் நாய்கள் படலையடியிலிருந்து பதில் கொடுக்கும். உண்ணிகளுக்கு வேலி ஏது?

நிற்க. வந்த கிருமியை அழித்துவிடுவது ஒரு வகை எதிர்ப்பு. அழிக்கவும் இயலாமல், அதற்கு இடங்கொடுத்தும் விடாமல், ஒரு மூலையில் அடக்கிவைத்துக்கொண்டு வாழ்வது இன்னொரு வகை. சிவப்பியினது இரண்டாம் வகை. அல்ஜீரியாவிலிருந்த பாஸ்டர் ஆய்வுநிலையத்தில் எட்மண்ட் செர்ஜண்ட் என்பாரும் அவர்தம் தோழர்களும் 1920களில் இதற்குத் தனிப்பெயரொன்றே இட்டார்கள். கிருமி உடலில் இருக்கும்வரை எதிர்ப்பும் இருக்கும். கிருமி முற்றாக நீங்கினால் எதிர்ப்பும் நாளடைவிற் குன்றும் என்பது அவர்கள் கருத்து. இந்தக் காவலில் மண்ணீரலுக்குப் பெரும் பங்குண்டு. மண்ணீரல் நீக்கப்பட்ட நாயிலே, அடங்கிக் கிடந்த பபேசியா மீண்டும் தலைதூக்குவதைக் கண்டிருக்கிறார்கள். பட்டினியோ, வேறு நோயோ வந்து உடல் தளர்ந்தாலும் அப்படியே நேரலாம்.

இதனை வன்னி மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 'வன்னிக் காய்ச்சல்' என்ற சொல்லைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் நடுங்கிய காலம் இருந்தது. 1895ஆம் ஆண்டு ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூலிலும் அக்காய்ச்சல் இடம்பெற்றிருக்கிறது. கிளிநொச்சியிலே 1930களில் குடியேற்றம் தொடங்கியபோது கமம் செய்யப் புதிதாக வந்தவர்கள் குலைப்பன் காய்ச்சலில் சுருண்டு விழ, பழங்குடிகள் அதே நுளம்புக்கடியோடு ஏர் பூட்டினார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இலங்கை மலேரியா நீங்கிய நாடு என 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதனால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் பழங்குடிகளின் உடலுறுதியைப் புகழ்ந்தவர்கள், அவர்கள் வீடுகளில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்களா? இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

சிவப்பியின் எதிர்ப்பு அவள் வாழ்ந்து பெற்றதா, வழிவழியாக வந்ததா என்பதே மைத்துனர் வீட்டில் இரண்டு இரவு நடந்த விவாதம். இரண்டும் உண்டு என்பதே விஞ்ஞானிகளின் விடை. குட்டிப் பருவத்திலேயே சிறிது சிறிதாகக் கடிபட்டுப் பழகிய உடலுக்கும், வளர்ந்தபின் முதன்முறை கடிபட்ட உடலுக்கும் வேறுபாடு பெரிது. ஆனால் பரம்பரை அலகுகளின் பங்கை மறுப்பதற்கில்லை. அதற்கு யப்பான் நாட்டிலே வியப்பான சான்றொன்று கிடைத்திருக்கிறது. அந்நாட்டு அக்கித்தா, ஷிபா இன நாய்களிலும் கொரியாவின் ஜிந்தோ இனத்திலும் சில நாய்களின் செங்குழியங்கள் ஏனைய நாய்களுடையவற்றைப் போல் இருப்பதில்லை. அவற்றுள்ளே பொட்டாசியம் மிகுதி. சில அமினோ அமிலங்களும் மிகுதியாகச் சேர்ந்திருக்கும். தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒவ்வொரு அலகு வந்து சேர்ந்தாலன்றி இத்தன்மை வெளிப்படாது. இதனால் நாய்க்குச் சாதாரண வேளையில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் ஆய்வுகூடத்திலே இத்தகைய செங்குழியங்களில் பபேசியா கிப்சனியை வளர்த்துப் பார்த்தபோது, மற்றக் குழியங்களிற் பெருகுவதைவிட மிகுதியாக அது பெருகியது. விருந்தாளிக்கு விருப்பமான பதார்த்தம் அவ்வீட்டு அடுக்களையிலேயே ஆயத்தமாக இருந்தது போலும்!

மனிதரில் இதன் மறுபுறத்தைக் காணலாம். அரிவாள் வடிவச் செங்குழியத்துக்குரிய அலகை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்பதை அந்தனி அலிசன் 1954இல் எடுத்துக்காட்டினார். அங்கே குழியத்தின் குறை காப்பாயிற்று. இங்கே ஒரு தீங்கும் அற்றதுபோலத் தோன்றும் வேறுபாடு கிருமிக்கு வாசலாயிற்று.

இன்னொரு கிருமியான லீஷ்மேனியா மணல் ஈயினாற் பரவுவது. வன்னி வாசகர்களுக்கு இப்பெயர் புதிதாயிராது. இலங்கையிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியா நோயாளர் முதன்முதல் 1992இல் அறியப்பட்டார். 2000க்குப் பின்னர் வடபகுதிக் காடுகளில் நின்ற படையினரிடையே, ஆறாத, நோவற்ற புண்ணாக அது பெருகக் காணப்பட்டது. இங்குள்ள வகை பெரும்பாலும் மனிதரின் தோலோடு நின்றுவிடுகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் உள்ள வகையோ நாயைக் கொல்லும். முடி கொட்டி, தோல் செதிலாகி, சிறுநீரகம் கெட்டு நாய்கள் மாய்கின்றன. அல்சேஷனும் பொக்சரும் அங்கே எளிதில் நோய்ப்படும் இனங்கள் என்று பெயரெடுத்தவை. அந்தக் கடலின் நடுவே ஸ்பெயினுக்குரிய இபிசா முதலிய தீவுகளில் முயல்வேட்டைக்கென வாழும் ஒல்லியான, நிமிர்ந்த காதுடைய நாயினம் ஒன்றுண்டு. அதற்கும் கிருமி தொற்றுகிறது. நோய் தோன்றுவதோ அரிது. 2000ஆம் ஆண்டு பார்சிலோனா ஆய்வாளர்கள் அதன் காரணத்தைத் துலக்கினார்கள். இதை நாம் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் "இரத்தத்திலே எதிர்ப்பு மிகுதி" என்று நாம் பொதுப்படச் சொல்லும் சொல்லே இங்குப் பிழையாகிவிடுகிறது.

உடலின் நிர்ப்பீடனப் படை இருவகைப்பட்டது. ஒன்று இரத்தத்தில் மிதந்து திரியும் பிறபொருளெதிரிகளை வார்த்து விடுவது. மற்றது, குறித்த வெண்குழியங்களை ஏவி, கிருமி ஒளிந்திருக்கும் கலத்துக்குள்ளேயே அதை மாய்ப்பது. லீஷ்மேனியா கலத்துக்குள் ஒளிந்துகொள்ளும் கள்வன். வெளியில் எத்தனை அம்பு எய்தாலும் அதன்மேற் படாது. நோயில் வீழும் நாய்களின் இரத்தத்திலே பிறபொருளெதிரிகள் வேண்டுமளவுக்கு மேலாகவே நிறைந்திருக்கின்றன. அவை மலிந்து, படிந்து, சிறுநீரகத்தையே அடைத்துவிடுகின்றன. இபிசா வேட்டைநாயிலோ இரண்டாம் படை முந்திக்கொள்கிறது. அதாவது, எதிர்ப்பின் அளவு மட்டுமன்று, அது எந்தத் திசையில் எழுகிறது என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிறது. அந்தத் திசையைத் தீர்மானிப்பதில் பரம்பரை அலகுகளுக்குக் கையுண்டு. ஆயிரமாண்டுகளாக மணல் ஈயோடு அத்தீவுகளில் வாழ்ந்த நாய்களுக்குள், திசை தவறியவை குட்டி போடுமுன்னரே இறந்தொழிந்திருக்க வேண்டும் என்று கொள்வதில் தவறில்லை.

ஆபிரிக்க நாட்டு நாய்களின் பரம்பரை அலகுகள் முழுவதையும் படித்துப் பார்த்தவர்களும் 2018இல் இதையொத்த செய்தியையே வெளியிட்டார்கள். நிர்ப்பீடனத்தோடு தொடர்புடைய ஓர் அலகு அந்நாய்களில் வெப்பநாட்டு ஒட்டுண்ணிகளுக்கு ஏற்பத் தெரிந்தெடுக்கப்பட்ட தடயத்தைக் காட்டுகிறதாம். பிரேசில் நாட்டவரின் ஆய்வோ வேடிக்கையானது. பீகிள் என்னும் சிறு வேட்டைநாயின்மேல் உண்ணிகள் ஏனைய சில இனங்களில் ஏறுமளவு ஏறாமையைக் கண்டு, அதன் உடல் நாற்றத்தை ஆராய்ந்தார்கள். உண்ணியை விரட்டும் பொருள்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று வாதுமைக் கொட்டையின் மணத்துக்குரிய பென்சால்டிகைட்டு. கிருமியோடு பொருதுவதைவிடக் கிருமி ஏறிவரும் வாகனத்தையே வாசலில் திருப்பியனுப்புவது சிக்கனமான வழியன்றோ?

அல்சேஷனிடம் மீள்வோம். 1899ஆம் ஆண்டு ஜெர்மனியிலே ஸ்டெஃபனிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி, இடையர் வைத்திருந்த நாயொன்றை விலைக்கு வாங்கி, அதனையே பதிவேட்டில் முதலாவதாக எழுதி, இவ்வினத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஜெர்மன் என்ற பெயரைச் சொல்லக் கூசிய ஆங்கிலேயர், முதலாம் உலகப் போருக்குப் பின் அதற்கு அல்சேஷன் என்று மறுபெயர் சூட்டினார்கள்; நாம் இன்றும் அதையே சொல்கிறோம். தோற்றத்தையும் குணத்தையும் நிலைநிறுத்த வேண்டி, சில நாய்களின் வழித்தோன்றல்களைத் தமக்குள்ளேயே மீண்டும் மீண்டும் சேர்த்தார்கள். இது அல்சேஷனுக்கு மட்டும் உரிய கதையன்று; பத்திரமுள்ள இனங்கள் பலவற்றின் வரலாறும் இதுவே. கிருமிகளை அடையாளங் காட்டும் பரம்பரை அலகுகள் ஊர் நாய்க் கூட்டத்திலே பலவகையாய்ப் பரந்து கிடக்க, ஓரினத்துக்குள் அவற்றிற் சில வகைகளே எஞ்சுகின்றன. பூட்டியிருக்கும் கதவுகள் நூறு. கையிலுள்ள சாவிகள் ஐந்து என்றால் என்ன செய்வது?

இதில் நம் நாட்டினம், அவர் நாட்டினம் என்ற பெருமைக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற ராஜபாளையம் நாயில், வெண்ணிறத்தையே விரும்பித் தெரிந்தெடுத்து வந்தமையாற் பிறவிச் செவிடு மலிந்திருப்பதை அந்நாட்டார் அறிவர்.

வியட்நாம் போரின்போது, 1968ஐ அடுத்த ஆண்டுகளில், அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் உண்ணிக் காய்ச்சலால் மாண்டன. அக்கிருமி பபேசியா அன்று. எர்லிக்கியா என்ற பற்றீரியம். ஆனால் ஏறிவரும் வாகனம் உண்ணிதான். மாண்டவற்றுட் பெரும்பாலானவை அல்சேஷன்கள். படையில் இருந்தவையே பெரும்பாலும் அல்சேஷன்கள்தாமே, இதிலென்ன புதுமை என்று வாசகர் கேட்பது நியாயம். அந்த ஐயத்தைத் தீர்க்கவே பிற்பாடு பீகிளையும் அல்சேஷனையும் ஒருங்கே வைத்து ஒரே கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். 1980இல் வெளிவந்த அம்முடிவின்படி, மேலே நாம் கூறிய இரண்டாம் படை அல்சேஷனில் மந்தமாகவே எழுந்தது.

இத்தகைய ஒப்பீடு இன்றி இனத்தின்மேற் பழிபோடுவது தகாது என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவிலே பிட்புல் வகை நாய்களிலும் யப்பானிலே தோசா நாய்களிலும் பபேசியா கிப்சனி மிகுந்து காணப்பட்டது. பிறவிக் குறையோ என ஆராய்ந்தால், அவை சண்டைக்கு விடப்படும் நாய்கள். கிருமி ஒரு நாயின் இரத்தத்திலிருந்து கடிகாயத்தின் வழியே மற்றதற்குப் போயிருக்கிறது. குற்றம் மனிதனுடையது, பெயர் நாய்க்கு.

இனி நாம் ஒத்திவைத்த கேள்வி. வைத்தியர், சிவப்பி எத்தனை முறை குட்டி போட்டிருக்கிறாள் என்று மைத்துனர் மகளிடம் கேட்டார். இரண்டு முறை என்றாள். எத்தனை குட்டிகள்? முதன்முறை ஆறு, அடுத்து ஏழு. இப்போது எத்தனை? சிறுமி விரல்களை மடக்கினாள். இரண்டு. "மற்றவை?" என்றார் வைத்தியர். மைத்துனர் கையை விரித்து, "அவை செத்துப்போயின, டொக்டர்; குட்டிகள் தானே!" என்றார். எந்த நோயில், எந்த வாரத்தில் என்று ஒருவருக்கும் நினைவில்லை. தென்னையடியில் குழி தோண்டியது மட்டும் சிறுமிக்கு நினைவிருந்தது.

நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற தீர்ப்பு பிறந்த விதம் இதுவே. எஞ்சிய இரண்டைப் பார்த்துத் தீர்ப்பெழுதினோம். இறந்த பதினொன்றை எண்ணவில்லை. அவற்றிற் பலவற்றைக் கொன்றது கொளுக்கிப்புழுவாகவே இருக்கலாம் என்றார் வைத்தியர். தாயின் தசையில் உறங்கிக் கிடக்கும் அதன் குடம்பிகள், ஈன்றபின் பாலோடு குட்டிகளுக்குள் இறங்குகின்றன. இரண்டு மூன்று வாரத்துக் குட்டி கண் திறந்து நடக்கத் தொடங்குமுன்னரே குடலில் இரத்தம் வற்றி இறந்துவிடும். (கொளுக்கிப்புழுக்களில் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலே நமது நாட்டின் பெயரே இருக்கிறது, இலங்கையில் ஒரு புனுகுபூனையிலிருந்து எடுக்கப்பட்டு 1911இல் விவரிக்கப்பட்டது அது. நாயிலும் மனிதரிலும் வாழ வல்லது.) பபேசியாவும் தாயின் கருவிலிருந்தே குட்டிக்குச் செல்லக்கூடும். இவை யாவற்றையும் தாண்டி வளர்ந்த நாயைத்தான் நாம் படலையடியிற் காண்கிறோம்.

2009ஆம் ஆண்டுப் போரின் இறுதியில் வன்னி மக்கள் வீடு வாசலோடு நாய்களையும் விட்டுச் சென்றதை இங்கு நினையாமல் இருக்க முடியவில்லை. மீள்குடியேறியபோது பற்றைக் காட்டுக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாய் வெளிப்பட்டு, எசமானின் குரலைக் கேட்டு ஊர்ந்து வந்த நாய்களின் கதை பல வீடுகளில் உண்டு. வன்னியில் இன்று உள்ள நாட்டு நாய்களிற் பல அவற்றின் வழிவந்தவை. அவற்றின் உறுதியைக் கண்டு மகிழ்கின்ற நாம், அந்த உறுதிக்கு விலையாகப் போனவற்றையும் சேர்த்தே கணக்கெழுத வேண்டியிருக்கிறது.

வீட்டில் நாய் வைத்திருப்போருக்கு வைத்தியர் கூறியவற்றுட் சிலவற்றை இங்குத் தருகிறோம். சீமை நாயையும் நாட்டு நாயையும் ஒன்றாய் வளர்ப்பதிற் பிழையில்லை. ஆனால் உண்ணி மருந்து இரண்டுக்கும் வேண்டும்; ஒன்றுக்கு மட்டும் இடுவது, ஓட்டைப் படகில் ஒரு துவாரத்தை அடைப்பதற்குச் சமம். உண்ணி கடித்த மறுகணமே பபேசியா இறங்கிவிடுவதில்லை. இரண்டு நாளளவேனும் பெரும்பாலும் செல்லும். ஆதலால் நாள்தோறும் மாலையிற் காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி ஆகியவற்றைத் தடவிப் பார்த்துக் களைவது வீண்போகாது. தோலோடு ஒட்டச் சிறுசாமணத்தாற் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், நெருப்புக்குச்சியாற் சுடுவதும் ஆகா. ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பில் சில ஆயிரம் முட்டை இடும். நாயைக் கழுவிவிட்டுக் கொட்டிலைக் கழுவாமல் விடுவதாற் பயனில்லை. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்து தொடங்கி, பால் மறக்குமட்டும் இரு வாரத்துக்கொரு முறை கொடுத்தல் வேண்டும். தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் முன்னால் நாட்டினம், சீமையினம் என்ற பேதமே கிடையாது. அந்தத் தடுப்பூசி இரண்டுக்கும் கட்டாயம். கலப்புக் குட்டி இருவரின் நன்மையையும் கொண்டு பிறக்குமென்று நம்பி வாங்குவோருக்கும் ஒரு சொல்: இருவரின் தீமையையும் கொண்டு பிறந்தாலும் அதை விற்பவர் சொல்லமாட்டார்.

ரெக்ஸ் பிழைத்துக்கொண்டது. ஊசியும் மாத்திரையுமாக இருபது நாள் சென்றது. சிறுமி பாடசாலைக்குப் போகாமலே மூன்று நாள் அதன் அருகில் இருந்தாள். மருந்து கிருமியை முற்றாக ஒழித்துவிடுவது அருமை என்றும், அது அடங்கித்தான் இருக்கும் என்றும், மீண்டும் ஒருநாள் எழக்கூடும் என்றும் வைத்தியர் ஒளிக்காமற் சொல்லியே அனுப்பினார். ஆறு மாதத்துக்குப் பின் ஒருமுறை எழவும் செய்தது. முதன்முறை போலக் கடுமையாக இல்லை. இப்போது அதுவும் சிவப்பியைப் போலத் தன் கிருமியைச் சுமந்துகொண்டு மாமரத்தடியிற் படுத்திருக்கிறது. மாமி மட்டும் அதற்குத் தாம் கட்டிவிட்ட திருநீற்றுப் பொட்டலத்தாலேயே குணமாயிற்று என்கிறார். நாம் மறுத்துப் பேசவில்லை.

சிவப்பி சென்ற மாதம் மூன்றாம் முறை ஈன்றாள். ஐந்து குட்டிகள். சிறுமி ஒரு பழைய கொப்பியில் ஐந்துக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, மருந்து கொடுத்த நாளையும் முரசின் நிறத்தையும் எழுதி வருகிறாள். நாம் இதை எழுதும்போது அவற்றுக்கு ஐந்து வாரம், ஐந்தும் இருக்கின்றன. கறுத்த குட்டி மட்டும் இன்னும் முந்திக்கொண்டு பால் குடிக்கத் தெரியாமல் பின்வரிசையில் நிற்கிறதாம். அதன் பக்கத்தில் மற்றவற்றைவிட வரிகள் அதிகம்.